இரத்தப் பரிசோதனைத் துண்டில் 'எல்' என்று இருந்தால்...

மாரி மழை தொடங்கியதும் எங்கள் நிலையத்துக்கு வருகின்ற சகோதரிகள் பலரின் கைப்பையில் நாலாக மடித்த ஒரு துண்டு இருக்கும். காய்ச்சல், தடிமன், இருமல் என்று மருந்தெடுக்கப் போன இடத்தில் எழுதிக் கொடுத்த இரத்தப் பரிசோதனையின் துண்டு. "தங்கச்சி, நீங்கள் படிச்ச பிள்ளைதானே, இதில என்ன கிடக்கெண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று நீட்டுவார்கள். நான் படித்தது சமூகவியல். எண்களை எப்படிச் சேகரிக்கிறார்கள், அவை எங்கே பொய் சொல்லும் என்பதைத்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். எனக்குத் தெரிந்த டொக்டர்மாரையும் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் தோழி ஒருத்தியையும் கேட்டு, வாசித்து விளங்கிக்கொண்டவற்றை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

துண்டைப் பார்த்து இரண்டு வகையாக ஆபத்து வருகின்றது. ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் 'எல்' என்றோ 'எச்' என்றோ அடித்திருந்தால் இரவிரவாக நித்திரையில்லை. 'எல்' என்றால் குறைவு, 'எச்' என்றால் கூடுதல். அவ்வளவுதான். ஆனால் அந்த எழுத்தைக் கண்டதும் புற்றுநோயா, பிள்ளைகளை யார் பார்ப்பது என்பது வரைக்கும் யோசனை போய்விடும். மற்ற ஆபத்து இதைவிடப் பெரியது. ஒரு சகோதரி, கணவரை இழந்தவர், மூன்று பிள்ளைகளின் தாய். காய்ச்சல் தொடங்கி இரண்டாம் நாளே தனியார் ஆய்வுகூடத்தில் காசு கொடுத்து இரத்தம் பார்த்தார். ஓரிடத்திலும் 'எல்', 'எச்' இல்லை. அந்தத் துண்டை நம்பி எட்டு நாள் வீட்டில் இருந்தார். கிணற்றடிக்குப் போய்வர மூச்சு வாங்கிய பிறகும் "இரத்தம் நல்லாத்தானே இருக்கு" என்று சொன்னாராம். அயலட்டைப் பெண்கள் ஓட்டோ பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒட்சிசன் கொடுத்து, பதினொரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இந்த இரண்டாவது வகை ஆபத்துக்காகவே இதை எழுத நினைத்தேன்.

முதலில் துண்டில் இருப்பது என்ன என்று பார்ப்போம். எப்.பி.சி. என்று சொல்லும் முழு இரத்தப் பரிசோதனையில் வெண்குழியங்களின் மொத்தம் முதலில் இருக்கும். வளர்ந்தவர்களுக்கு ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில், அதாவது ஊசி முனையில் நிற்கும் அளவான ஒரு துளியில், 4,000 முதல் 11,000 வரை இருப்பது வழமை. அதற்குக் கீழே அவற்றைப் பிரித்து எழுதியிருப்பார்கள். அவற்றில் பெரிய கூட்டம் இரண்டு. ஒன்று நியூட்ரோபில். கிருமி புகுந்த இடத்துக்கு முதலில் ஓடிவந்து, விழுங்கி, தானும் சாகிற வகை. பக்ரீரியாக் கிருமி என்றால் இது கூடும். மற்றது லிம்போசைட். எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் நிணநீர்க்குழியம் என்று படித்திருப்போம். வைரசுக் கிருமியை அடையாளம் கண்டு, அது புகுந்த கலங்களை அழிப்பதும், பிறபொருளெதிரிகளை உண்டாக்குவதும், அடுத்த முறைக்காக ஞாபகம் வைத்திருப்பதும் இந்த வகைதான்.

நிறையப் பேர் தடுமாறுகிற இடம் வீதக் கணக்கு. லிம்போசைட் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் இருக்கும்; அதன் பக்கத்திலோ கீழேயோ உண்மையான எண்ணிக்கை இருக்கும். பார்க்க வேண்டியது இரண்டாவதை. நூற்றுக்கு இருபது குடும்பத்துக்கு வீட்டுத்திட்டம் கிடைத்தது என்று ஒருவர் சொன்னால், மொத்தம் எத்தனை குடும்பம் என்று நீங்கள் உடனே கேட்பீர்கள் அல்லவா? அதேதான். ஒருவருக்கு வெண்குழியம் மொத்தம் 4,000, லிம்போசைட் நூற்றுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். வீதத்தைப் பார்த்தால் பிழையில்லை. பெருக்கிப் பார்த்தால் 800தான். வளர்ந்தவருக்கு 1,000க்குக் கீழ் என்றால் குறைவு. இன்னொருவருக்கு மொத்தம் 12,000, லிம்போசைட் நூற்றுக்கு 12. வீதத்துக்குப் பக்கத்தில் 'எல்' அடித்திருக்கும். பெருக்கினால் 1,440. லிம்போசைட் குறையவில்லை, நியூட்ரோபில் கூடியதால் அதன் பங்கு சிறிதாகத் தெரிகிறது. இரண்டு துண்டும் சொல்லும் கதை வேறு வேறு.

சரி, வைரசோடு சண்டை பிடிக்க வேண்டிய லிம்போசைட் வைரசு வந்த நேரத்தில் ஏன் குறைய வேண்டும்? எனக்கும் இது விளங்க நேரமெடுத்தது. உடம்பில் உள்ள லிம்போசைட்டுகளில் நூற்றுக்கு இரண்டு அளவுதான் ஒரு நேரத்தில் இரத்தத்தில் ஓடுகின்றன. மிச்சமெல்லாம் நிணநீர்க் கணுக்களிலும், மண்ணீரலிலும், எலும்பு மச்சையிலும், குடலிலும் இருக்கின்றன. இரத்தம் அவற்றுக்கு றோட்டு. நெஞ்சில் நோய் என்றால் அவை றோட்டை விட்டு இறங்கி நுரையீரலுக்குள் போகும். முகாமில் தலை எண்ண வந்தபோது தண்ணீர் வரிசையில் நின்ற பெண்களை எண்ணாமல் விட்டுப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பெண்கள் இல்லாமல் போகவில்லை, வேறிடத்தில் நின்றார்கள். லிம்போசைட் குறைவதில் ஒரு பகுதி இப்படி. இன்னொரு பகுதி அப்படியல்ல. நோய் கடுமையாகும்போது உடம்பு தானே சுரக்கும் அழற்சிப் பொருட்களால் லிம்போசைட்டுகள் செத்தும் போகின்றன. உடம்பு நெருக்கடியில் சுரக்கும் கோட்டிசோல் என்ற சுரப்பும் அவற்றைக் குறைக்கும். போனவர்களையும் செத்தவர்களையும் துண்டு பிரித்துச் சொல்லாது. குறைவு என்று மட்டும் சொல்லும்.

இதை வைத்தியர்கள் கூர்ந்து கவனிக்கத் தொடங்கியது 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது. அப்போது ஹொங்கொங்கில் ஒரு வைத்தியசாலையில் சேர்ந்த 138 நோயாளரில் நூற்றுக்கு 70 பேரளவில் லிம்போசைட் குறைந்திருந்தது. லிம்போசைட்டுக்குள்ளேயே சீடி4, சீடி8 என்று பிரிவுகள் உண்டு. வரும்போதே அவை குறைந்திருந்தவர்களுக்கு நோய் மோசமாகப் போனதையும் அந்த நகரத்து வைத்தியர்கள் பதிந்தார்கள். பிறகு கொவிட்-19. 2020 ஜனவரியில் வுஹானில் இருந்து வந்த முதல் அறிக்கையில் 41 நோயாளர். அதில் 26 பேருக்கு லிம்போசைட் 1,000க்குக் கீழ். அடுத்த மாதம் சீனாவின் பல மாகாணங்களில் இருந்து 1,099 நோயாளரின் விபரம் வெளிவந்தது. கடுமையான நோயாளருள் நூற்றுக்கு 96 பேருக்கு லிம்போசைட் குறைவு. இதைக் கேட்டவுடன் பயம் வருகிறதல்லவா? அதே அறிக்கையில், நோய் கடுமையாகாதவர்களிலும் நூற்றுக்கு 80 பேருக்குக் குறைவுதான். அங்கே 1,500க்குக் கீழ் எல்லாவற்றையும் குறைவு என்று எடுத்திருந்தார்கள். கடுமையான நோயாளர் 173 பேர், மற்றவர்கள் 926 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: லிம்போசைட் குறைந்தவர்களில் பெரும்பாலானோர் கடுமையாகாத பக்கத்தில்தான் இருந்தார்கள். 'எல்' என்ற எழுத்தை மட்டும் வைத்து ஒருவரையும் எந்தப் பக்கத்திலும் சேர்க்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அத்தோடு இவர்கள் எல்லோரும் தடுப்பூசி வருவதற்கு முன் நோயுற்றவர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே வைத்தியர்கள் ஒரு நாள் எண்ணோடு நிற்பதில்லை. எண் போகும் வழியைப் பார்க்கிறார்கள். முதல் வாரத்தில் இறங்கிய லிம்போசைட் இரண்டாம் வாரத்தில் ஏறத் தொடங்கினால் நல்ல குறி. நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போய், நியூட்ரோபில் ஏறிக்கொண்டே வந்தால் கவலை. நியூட்ரோபில்லை லிம்போசைட்டால் பிரித்து வரும் விகிதத்தையும் சிலர் பார்ப்பார்கள். சுகமாக இருப்பவருக்கு அது பெரும்பாலும் 1க்கும் 3க்கும் இடையில் நிற்கும். கடுமையான கொவிட் நோயாளரில் அது பல மடங்காக ஏறியது. ஆனால் இதற்கு மேல் போனால் ஆபத்து என்று எல்லோருக்கும் பொதுவான ஓர் எல்லை இல்லை. ஒவ்வோர் ஆய்விலும் வேறு வேறு எல்லை வைத்திருக்கிறார்கள். வைரசால் பழுதான நெஞ்சில் பின்னால் பக்ரீரியாவும் புகுந்தால் நியூட்ரோபில் ஏறும் என்பதையும் யோசிக்க வேண்டும். 1918இல் உலகத்தை அழித்த இன்புளுவென்சாவில் பெரும்பாலான சாவுகளுக்கு இப்படிப் பின்னால் வந்த பக்ரீரியா நியூமோனியாவே காரணம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

நாங்கள் முதலில் சொன்ன சகோதரியின் துண்டு பொய் சொல்லவில்லை. அது இரண்டாம் நாளின் உண்மை. கொவிட் நோயில் வுஹான் நோயாளருக்கு மூச்சுமுட்டல் தொடங்கியது சராசரியாக எட்டாம் நாளளவில். இரண்டாம் நாள் துண்டு எட்டாம் நாளுக்குச் சாட்சி சொல்லாது.

நோயின் கடுமையோடு சம்பந்தமில்லாமலும் இந்த எண்கள் மாறும். சின்னப் பிள்ளைகளின் துண்டைப் பெரியவர்களின் அளவோடு ஒப்பிடவே கூடாது. ஒரு வயது முதல் நாலைந்து வயது வரையான பிள்ளைகளுக்கு நியூட்ரோபில்லைவிட லிம்போசைட் கூடுதலாக இருப்பதே இயல்பு. சில ஆய்வுகூடத் துண்டுகளில் பெரியவர்களின் அளவையே அச்சடித்து வைத்திருப்பதால் சுகமான பிள்ளைக்கும் 'எச்' விழும். அண்மையில் ஒரு தாய் இரண்டு வயதுப் பிள்ளையின் 58 வீதத்தைப் பார்த்து அழுதுகொண்டு வந்தார். பிள்ளை நிலையத்து முற்றத்தில் கோழி துரத்திக்கொண்டு நின்றது. கர்ப்பிணிகளுக்கு நியூட்ரோபில் இயல்பாகவே கூடும். முட்டு இழுப்புக்குப் பாவிக்கும் பிரெட்னிசலோன், டெக்சாமெதசோன் போன்ற ஸ்ரெரொயிட் குளிசைகள் சில மணி நேரத்துக்குள்ளேயே நியூட்ரோபில்லை ஏற்றி லிம்போசைட்டை இறக்கிவிடும். குளிசை போட்டதைச் சொல்லாமல் இரத்தம் கொடுத்தால் டொக்டர் எதைப் பார்க்கிறார் என்று அவருக்கே தெரியாது.

குளிசை என்றதும் இன்னொன்று. 2020 ஜூனில் பிரித்தானியாவில் நடந்த பெரிய ஆய்வொன்றில், ஒட்சிசன் தேவைப்பட்ட கொவிட் நோயாளருக்கு டெக்சாமெதசோன் உயிர்காத்தது என்று தெரியவந்தது. மூச்சுக்கருவியில் இருந்தவர்களில் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கோ பயன் இல்லை. காரணம் விளங்கக்கூடியது. இந்த மருந்து உடம்பின் நிர்ப்பீடனத்தை அடக்குகிறது. நிர்ப்பீடனம் எல்லை மீறி நுரையீரலையே தாக்கும் கட்டத்தில் அடக்குவது நல்லது. ஆரம்பத்தில் அது வைரசோடு போராடும்போது அடக்கினால் யாருக்கு லாபம்? எங்கள் ஊர்களில் இருமலுக்கும் இந்தக் குளிசையை மருந்துக்கடையில் வாங்கிப் போடுகிற பழக்கம் இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கக் கோபம் வரும்.

டெங்குக் காலத்தில் எங்கள் பெண்களுக்கு பிளேட்லெட் எண்ணிக்கை வாய்ப்பாடாகப் பாடம். நெஞ்சு நோய்க்கும் அப்படி ஒரே ஒரு எண் இருக்கும் என்று நினைக்கிறார்கள். இல்லை. எந்தக் கிருமி என்பதையும் எண்ணிக்கை சொல்லாது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலோடு மூச்சுத் திணறி ஆட்கள் இறந்தபோது என்ன புது வைரசோ என்று ஊரெல்லாம் கதை. பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று வந்தது. அது பக்ரீரியா. வேளைக்கு மருந்து தொடங்கினால் குணமாக்கலாம். வயலில், வெள்ளத்தில் நின்றதை டொக்டருக்குச் சொல்லியிருந்தால் அந்தச் சொல் எந்த எண்ணையும்விட உதவியிருக்கும்.

அப்படியானால் வீட்டில் எதைப் பார்ப்பது? மூச்சைப் பாருங்கள். பிள்ளை அழாமல், நித்திரையாகவோ அமைதியாகவோ இருக்கும் நேரத்தில் சட்டையை உயர்த்திவிட்டு ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தை நிமிடத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல், ஒரு வயதுக்குள் 50க்கு மேல், ஐந்து வயதுக்குள் 40க்கு மேல் மூச்சு விட்டால், அல்லது மூச்செடுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே இழுத்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வளர்ந்தவர் ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் இடையில் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், மயக்கமாகப் புரியாமல் கதைத்தால் அப்படியே. வயது போனவர்களுக்குக் காய்ச்சல் காயாமலே நெஞ்சு பழுதாகும். திடீரென்று சாப்பாடு குறைந்து, சோர்ந்து படுத்தால் கவனியுங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி கிராமத்தில் யாரிடமாவது இருந்தால் 94க்குக் கீழே போவது நல்லதல்ல. கையைச் சூடாக்கி, நகப்பூச்சு இல்லாத விரலில் வைத்துப் பார்க்க வேண்டும். வாகன வசதி இல்லையென்றால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்ப்பதும் இலவசம். முதல் நாளே தனியாரிடம் போய்க் காசைக் கரைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

இனிச் சொல்வது எங்கள் வாசகிகள் சிலருக்கு மிக முக்கியம். போர்க்காலத்தில் வயிற்றில் செல் துண்டு பட்டு ஒப்பரேசன் செய்தவர்களில் சிலருக்கு மண்ணீரலை எடுத்திருப்பார்கள். இரத்தப் பெருக்கை நிறுத்தி உயிரைக் காப்பாற்ற அந்த நேரத்தில் அதுதான் வழி. மண்ணீரல் இல்லாதவரின் இரத்தத்தில் வெண்குழியம், அதிலும் லிம்போசைட், வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். பிளேட்லெட்டும் அப்படி. மற்றவருக்கு 'எல்' விழ வேண்டிய நோயிலும் இவரின் துண்டு சரியானது போலத் தெரியலாம். அதே நேரம், சாதாரண வைரசுத் தடிமனுக்குப் பின்னால் நியூமோகொக்கசு போன்ற பக்ரீரியா புகுந்தால், இரத்தத்தில் இருந்து அதை வடித்தெடுக்க மண்ணீரல் இல்லை. காலையில் காய்ச்சல் என்று தொடங்கி அடுத்த நாளுக்குள் உயிருக்கு ஆபத்தாகலாம். இது ஒப்பரேசன் செய்த வருடத்தோடு முடிகிற ஆபத்தல்ல.

முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் அக்கா எனக்கு வயிற்றுத் தழும்பைக் காட்டினார். 2009இல் செய்த ஒப்பரேசன். "உள்ளுக்கை என்ன எடுத்தவை எண்டு தெரியாது. அந்த டயக்னோசிஸ் காட் பையோட போயிற்றுது. ஆர் அதைக் கேக்கிற நேரம் அது?" என்றார். அவருக்கு மட்டுமல்ல, இடம்பெயர்வில் காட்டைத் தொலைத்த பல பேருக்கு இதே பதில்தான். தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. வயிற்று ஸ்கான் ஒன்றில் மண்ணீரல் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்த்தாலும், மண்ணீரல் இருந்தால் வடித்து அகற்றியிருக்கும் சிறு புள்ளிகள் செங்குழியங்களுக்குள் தெரியும். அந்த அக்காவை கிளினிக்குக்கு அனுப்பினோம். ஸ்கானில் மண்ணீரல் இல்லை.

அப்படி உறுதியானவர்கள் நியூமோகொக்கசு, மெனிஞ்சோகொக்கசு, ஹிப், வருடாந்த இன்புளுவென்சாத் தடுப்பூசிகளைப் பற்றி கிளினிக்கில் கேட்க வேண்டும். காய்ச்சல் காய்ந்தால் பனடோல் போட்டுப் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நிற்கும் முன்னரே "எனக்கு மண்ணீரல் இல்லை" என்று நேர்சுக்குச் சொல்ல வேண்டும். அந்த அக்கா இப்போது அடையாள அட்டை வைத்திருக்கும் பிளாஸ்ரிக் உறைக்குள் ஒரு சின்னக் கடதாசி வைத்திருக்கிறார். "மண்ணீரல் அகற்றப்பட்டது, 2009" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, கிளினிக் டொக்டர் கையொப்பம் வைத்துக் கொடுத்தது. நெஞ்சில், வயிற்றில் செல் துண்டு இன்னும் இருப்பவர்களும் அதை அப்படியே எழுதி வாங்கி வைத்திருங்கள். எக்ஸ்ரே எடுக்கும்போதும், எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு எழுதும்போதும் கேட்பார்கள்.